கோடை வெயிலும் குடும்பத்தின் தோல் நலமும்

மாசி போய்ப் பங்குனி பிறந்துவிட்டால் நம் கிராமங்களில் திறந்தவெளி வேலைகள் குவிந்துவிடுகின்றன. எள்ளும் உளுந்தும் அறுவடையாகின்றன. இராமநாதபுரம், விருதுநகர்ப் பகுதிகளில் மிளகாய் களத்தில் காய்கிறது. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பு வாரும் வேலை மும்முரமாக நடக்கிறது. ஏரி குளங்கள் வற்றியதும் தூர் எடுக்கும் பணி தொடங்குகிறது. ஆண்டின் கடுமையான வெயிலும் வெட்டவெளி வேலையும் ஒருங்கே வந்து சேரும் காலம் இது. வீட்டுப் பெரியவர்கள் வயலில் இருக்க, பள்ளி விடுமுறை பெற்ற பிள்ளைகளும் நாள் முழுதும் வெளியிலேயே திரிகின்றனர். ஆகவே, வெயிலிலிருந்து தோலைக் காத்துக்கொள்வது நகரத்தாரின் அலங்காரப் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அது உழைக்கும் குடும்பத்தின் சுகாதாரத்தைப் பற்றிய விஷயமாகும்.

உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2023-ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டன. அதன்படி, உலகில் உழைக்கும் வயதினருள் நூற்றுக்கு 28 பேர், அதாவது 160 கோடி மக்கள், 2019-ஆம் ஆண்டில் வெட்டவெளியில் வேலை செய்து சூரியனின் புற ஊதாக் கதிர்களுக்கு ஆளாயினர். அத்தகைய வேலையினால் வந்த தோல் புற்றுநோய்க்கு அவ்வாண்டில் ஏறத்தாழ 19,000 பேர் பலியாயினர். கருமேனியரான நம்மிடையே தோல் புற்றுநோய் குறைவு என்பது உண்மையே. நமது தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் இயற்கை தந்த குடையாக நின்று உதவுகிறது. ஆயினும் அந்தக் குடைக்கும் ஓர் எல்லை உண்டு. நாற்பது வயதிலேயே கழுத்திலும் முகத்திலும் விழுந்துவிடும் ஆழ்ந்த சுருக்கம், கன்னத்தில் படரும் மங்கு, வெடித்துப் புண்ணாகும் உதடு, கண்ணின் வெண்பகுதியிலிருந்து கருவிழியை நோக்கி வளரும் சதை, கண்புரை ஆகியவை அந்த எல்லை கடக்கப்பட்டதற்கு அடையாளங்களாகும்.

வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் உண்டு. உடம்பு உணரும் வெப்பம் உண்டு. கண்ணுக்கும் தெரியாமல் உடம்புக்கும் உறைக்காமல் வந்து சேரும் புற ஊதாக் கதிரும் உண்டு. இக்கதிர் மூன்று வகைப்படும். சி வகையை வானத்திலுள்ள ஓசோன் மண்டலம் முற்றிலும் தடுத்துவிடுகிறது. பி வகை தோலின் மேற்பரப்பைச் சுட்டுச் சிவக்கச் செய்கிறது. ஏ வகை தோலின் ஆழத்திற்குச் சென்று அதன் உறுதியைக் குலைக்கிறது. இது கண்ணாடிச் சன்னலையும் ஊடுருவக் கூடியது.

வெப்பத்தைக் கொண்டு புற ஊதாக் கதிரை அளந்துவிடலாம் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. கத்திரி வெயில் மே மாதம் 4-ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அதன் பிறகே துண்டையும் குடையையும் தேடுவோர் பலர். ஆனால் சூரியன் கன்னியாகுமரியின் உச்சிக்கு நேராக ஏப்ரல் 10-ஆம் தேதி வாக்கிலும், சென்னையின் உச்சிக்கு நேராக ஏப்ரல் 24-ஆம் தேதி வாக்கிலும் வந்துவிடுகிறது. கத்திரி பிறக்கும் முன்பே, பங்குனியிலும் சித்திரைத் தொடக்கத்திலும், புற ஊதாக் கதிர் உச்ச நிலையை அடைந்துவிடுகிறது.

இதனை அளக்கப் புற ஊதாக் குறியீட்டெண் என்னும் அளவு வழங்குகிறது. 3 முதல் காப்பு தேவை. 8 முதல் 10 வரை மிகக் கடுமை. 11-உம் அதற்கு மேலும் அபாயம். மேகமற்ற கோடை நண்பகலில் தமிழ்நாட்டில் இவ்வெண் 11-ஐ எட்டிக் கடப்பது வழக்கமான நிகழ்ச்சியே.

காற்று குளிர்ந்திருப்பதால் கதிர் குறைந்துவிடுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்திற்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ நூற்றுக்கு 10 வீதம் மிகுகிறது. ஆகவே 2,000 மீட்டருக்கும் மேலான உதகமண்டலத்தில் தேயிலை பறிப்பவருக்கு வியர்வை குறைவாயினும் கதிர் மிகுதி. உலர்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் கதிரில் நூற்றுக்கு 15 பங்கையும், கடல் நுரை 25 பங்கையும் திருப்பி வீசுகின்றன. எனவே மீனவருக்கு மேலிருந்தும் கீழிருந்தும் வெயில் படுகிறது. வெண்மையான உப்பளத்தில் வேலை செய்வோரின் கண் கூசுவதும் இவ்வாறே. நீருக்குள் அரை மீட்டர் ஆழத்திலும் நூற்றுக்கு 40 பங்கு கதிர் எட்டுகிறது. நண்பகலில் ஏரியில் நீந்தும் சிறுவனின் உடம்பு குளிர்ந்திருக்கும். அவனது முதுகுத் தோலோ வெந்துகொண்டிருக்கும்.

நிழற்கோல்

அங்ஙனமாயின், கருவி ஏதும் இல்லாத கிராமத்தில் வெயிலின் கடுமையை எவ்வாறு அறிவது? நம் நிழலே அதற்குத் தக்க கருவியாகும். நிழல் நம்மைவிட நீண்டிருந்தால் சூரியன் தாழ்ந்துள்ளது. கதிரின் வேகம் குறைவு. நிழல் நம் உயரத்தைவிடக் குறுகிவிட்டால் கதிர் கடுமையாகிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

இதனை ஊரார் அனைவரும் காணுமாறு செய்ய எளிய வழி ஒன்றுண்டு. வேலை நடக்கும் இடத்திலோ பஞ்சாயத்து அலுவலக முற்றத்திலோ சமதரையில், தரைக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நிற்குமாறு ஒரு கோலைச் செங்குத்தாக நடுக. கோலின் அடியை மையமாக வைத்து, கயிற்றைப் பிடித்து ஒரு மீட்டர் ஆரமுள்ள பெரிய வட்டம் ஒன்றும், அரை மீட்டர் ஆரமுள்ள சிறிய வட்டம் ஒன்றும் சுண்ணாம்பினால் வரைக.

நிழலின் நுனி பெரிய வட்டத்திற்கு வெளியே இருக்கும்வரை வழக்கமான முறையில் வேலை செய்யலாம். நுனி பெரிய வட்டத்திற்குள் நுழைந்ததும் முழுக்கைச் சட்டையும் தலைக் காப்பும் இன்றி எவரும் வெயிலில் நிற்கலாகாது. நுனி சிறிய வட்டத்திற்குள் புகுந்துவிட்டால், குடும்பத்தார் அனைவரும் நிழலுக்குச் செல்ல வேண்டும். நம் மாநிலத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் பெரிய வட்டத்திற்குள் நிழல் நிற்கும் நேரம் ஏறத்தாழ காலை 9.15 முதல் பிற்பகல் 3.15 வரையிலாகும், சிறிய வட்டத்திற்குள் நிற்கும் நேரம் ஏறத்தாழ 10.30 முதல் 2 மணி வரையிலாகும். ஒரு நாளைய புற ஊதாக் கதிரில் நூற்றுக்கு 60 பங்கு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையிலேயே பூமியை அடைகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த நான்கு மணி நேரத்தில் பெரும்பகுதியை நிழலில் கழித்தால் பாதிக் காப்பு கிடைத்துவிடுகிறது.

வெயிலை முற்றிலும் வெறுக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி சத்தைத் தோல் வெயிலிலிருந்தே உண்டாக்கிக்கொள்கிறது. வயலுக்குப் போய்வரும் ஒருவருக்கு அன்றாட நடமாட்டத்திலேயே போதிய வெயில் கிடைத்துவிடும். அதற்காக உச்சி வெயிலில் நிற்க வேண்டுவதில்லை.

உடையே முதற் காப்பு

களை எடுக்கவும் கதிர் அறுக்கவும் செல்லும் நம் பெண்கள், சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொள்வதை எங்கும் காணலாம். எந்த விளம்பரமும் இன்றி அவர்கள் கண்டறிந்த இம்முறை விஞ்ஞானத்திற்கு முற்றிலும் பொருந்தியது. வெற்றுடம்புடன் உழும் ஆண்கள் இவ்விஷயத்தில் பெண்களைப் பின்பற்றுவது நன்று.

துணியைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு சோதனை உண்டு. அதை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். மறுபுறம் தெளிவாகத் தெரிந்தால் புற ஊதாக் கதிரும் புகும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே ஏற்றது. பழகிப்போன மெல்லிய வெள்ளைத் துணி, அதிலும் வியர்வையில் நனைந்தது, மிகக் குறைந்த காப்பையே தரும். அடர்ந்த நிறம் கதிரை நன்கு தடுக்கும். ஆனால் வெப்பத்தையும் ஈர்க்கும். எனவே மிகவும் கறுப்பாகவோ மிகவும் வெளுப்பாகவோ இல்லாமல் இடைப்பட்ட நிறத்தில், காற்றோட்டத்திற்கு இடமளித்துத் தளர்வாகத் தைத்த உடை நலம்.

தலைப்பாகை உச்சந்தலையைக் காக்கும். மூக்கு, காது, பிடரி ஆகியவற்றைக் காக்காது. துண்டின் ஒரு முனையைப் பிடரியில் தொங்கவிட்டுக்கொள்வது பயன் தரும். சுற்றிலும் மூன்று அங்குல விளிம்புள்ள ஓலைத் தொப்பி இன்னும் மேலானது. பனையோலை முடைவோர் உள்ள ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனை ஒரு தொழிலாகவே மேற்கொள்ளலாம்.

களிம்புகளும் கைவைத்தியமும்

சன்ஸ்கிரீன் என்று கடைகளில் விற்கப்படும் வெயில் காப்புக் களிம்பு பயனுள்ளதே. எனினும் அது நிழலுக்கும் உடைக்கும் அடுத்த இடத்தில் வைக்கத்தக்கது. வாங்க இயல்பவர் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்டதாகவும், ஏ, பி இரு வகைக் கதிர்களையும் தடுப்பதாகவும் பார்த்து வாங்க வேண்டும். வெளியே செல்வதற்குக் கால் மணி நேரம் முன்பே தடவ வேண்டும். வியர்வையில் கரைந்துவிடுமாதலால் இரண்டு மணிக்கு ஒரு முறை மறுபடியும் தடவ வேண்டும். மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய் ஆகியவை தோலுக்கு இதமளிக்கலாம். புற ஊதாக் கதிரைத் தடுக்க அவற்றை நம்பியிருத்தல் கூடாது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் செல்வதோ தீங்கு தருவது. அச்சாறு பட்ட இடம் வெயிலில் கொப்புளித்துக் கறுத்துவிடும்.

இங்கு ஒன்றை வற்புறுத்திக் கூற விரும்புகிறோம். கருமை நோயன்று. தோலைக் காப்பதன் நோக்கம் வெளுப்பாக்குவதும் அன்று. வெளுப்பாகலாம் என்ற ஆசையில் நம் இளம்பெண்கள் மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கும் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்துள்ளது. சில வாரம் முகம் பளிச்சிடும். பின்னர்த் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரிந்து சிவக்கும். முகத்தில் பருவும் முடியும் தோன்றும். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. பெற்றோர் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

தனிக் கவனம் வேண்டுவோர்

ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைத்தலே ஆகாது. களிம்பும் அதற்கு வேண்டா. நிழலும் மெல்லிய உடையும் போதும். எண்ணெய் தேய்த்துக் காட்டும் இளவெயில் சில நிமிடங்களோடு நிற்க வேண்டும். வயல் வரப்பில் தூளி கட்டும் தாய்மார், நிழல் நகருவதைக் கவனித்துத் தூளியையும் மாற்ற வேண்டும்.

பிறவியிலேயே நிறப்பொருள் இன்றி வெண்மையாகப் பிறந்த பிள்ளைகளுக்கு இயற்கைக் குடை இல்லை. அவர்களுக்கு வெயில் மெய்யாகவே பகையாகும். அவர்களுடைய தோலிலும் உதட்டிலும் புற்றுநோய் இளவயதிலேயே வரக்கூடும். பள்ளியில் அவர்களை நிழலான இடத்தில் அமர்த்துவதும், வெயிலில் ஓடவிடாதிருப்பதும் ஆசிரியரின் கடமை. வெண்படை உடையவரும் அவ்விடங்களை மூடிக்கொள்ள வேண்டும். எலிக்காய்ச்சலுக்குத் தரப்படும் டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள் முதலியவை தோலை வெயிலுக்கு இளக்கிவிடுவதுண்டு. மருந்தை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் ஆலோசனை பெறுக.

கோடையில் தோன்றும் நோய்கள்

வேர்க்குரு, வியர்வைத் துளைகள் அடைபடுவதால் வருவது. தளர்ந்த உடையும் இருவேளைக் குளியலும் போதிய மருந்தாகும். பார்த்தீனியம் என்னும் களைச்செடி 1950-களில் புனே நகரில் காணப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. அதன் தூள் பட்டோருக்கு முகத்திலும் கழுத்திலும் அரிப்பும் தடிப்பும் உண்டாகி, வெயிலில் மிகும். பூக்கும் முன்பே கையுறை அணிந்து அதனை வேரோடு களைதல் வேண்டும்.

வெளிர்ந்த படைகள் கோடையில் எடுப்பாகத் தெரிகின்றன. சுற்றியுள்ள தோல் கறுப்பதே அதற்குக் காரணம். பெரும்பாலும் அவை தேமலாக இருக்கும். ஆயினும் கண்ணை மூடச் செய்து, அவ்விடத்தைப் பஞ்சினால் தொட்டுப் பார்க்க வேண்டும். உணர்ச்சி இல்லையேல் அது தொழுநோயின் அறிகுறியாகலாம். காலந்தாழ்த்தாமல் ஆரம்ப சுகாதார நிலையம் செல்ல வேண்டும். இந்நோய்க்கு இலவசமாகவே மருந்து தரப்படுகிறது, முற்றிலும் குணமாகிவிடும். ஒரு மாதம் கடந்தும் ஆறாத முகப் புண், உதட்டுப் புண் ஆகியவற்றையும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

வெயில் சுட்டுவிட்டால்

தோல் எரிந்து கன்றினால் உடனே நிழலுக்கு வந்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைக் கால் மணி நேரம் போர்த்த வேண்டும். பனிக்கட்டி வைத்தல், பற்பசை தடவுதல், கொப்புளத்தை உடைத்தல் ஆகியவை கூடா. நீரும் மோரும் மிகுதியாகப் பருக வேண்டும். கொப்புளம் பரவினாலோ, காய்ச்சல் கண்டாலோ, பாதிக்கப்பட்டது குழந்தையானாலோ மருத்துவரிடம் செல்க.

உடல் அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, மயக்கம் வந்தால் அது வெப்பத் தாக்கு, உயிருக்கு ஆபத்தானது. 108-க்குத் தகவல் தந்துவிட்டு, வாகனம் வரும்வரை உடம்பில் நீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் நீர் புகட்டலாகாது. தமிழ்நாடு அரசு 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததிலிருந்தே இதன் கடுமையை உணரலாம்.

பஞ்சாயத்தின் பொறுப்பு

“நிழலுக்கு ஒதுங்கினால் கூலியை யார் தருவார்?” என்று உழைப்பாளி கேட்பது நியாயமே. தனியொருவர் இதற்கு விடை காண இயலாது. வேலை நேரத்தை மாற்றும் அதிகாரம் வேலை கொடுப்பவரிடம் உள்ளது. நிலச் சொந்தக்காரரையும் தொழிலாளரையும் ஒருங்கே அமர்த்திப் பேச வல்லது பஞ்சாயத்தே. காலை 6 மணிக்குத் தொடங்கி 10.30-க்கு நிறுத்துதல், எஞ்சிய வேலையைப் பிற்பகல் 3 மணிக்கு மேல் முடித்தல், முழு நாள் கூலியைக் குறைக்காதிருத்தல் என்று ஊர் ஒப்பந்தம் ஒன்று செய்துகொள்ளலாம்.

இதில் பெண்களின் சிரமத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காலை 6 மணிக்கு வயலில் நிற்க வேண்டுமாயின் அவர்கள் 4 மணிக்கே எழுந்து தண்ணீர் பிடித்துச் சமைத்தாக வேண்டும். ஆகவே கோடை மாதங்களில் குடிநீரை முதல் நாள் மாலையிலேயே விடுவதற்கும், காலையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்கும் ஏற்பாடு செய்தாலன்றி நேர மாற்றம் நிலைக்காது. வீட்டு ஆண்கள் காலை வேலையில் பங்கு கொள்வதும் இதனுள் அடங்கும்.

2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலைத்தளத்தில் குடிநீர், குழந்தைகளுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. திட்டங்கள் மாறலாம், இவற்றின் தேவை மாறுவதில்லை. தகரக் கொட்டகை கதிரைத் தடுத்தாலும் வெப்பத்தைக் கீழே இறக்கும். அதன்மேல் தென்னங்கீற்று வேய்ந்தால் இரண்டும் குறையும். பேருந்து நிறுத்தம், களம், பள்ளி முற்றம், சந்தைத் திடல் ஆகிய இடங்களில் புங்கமும் வேம்பும் நடுதல் நலம். இவை கடுங்கோடையில் புதுத் தழை கொண்டு அடர்ந்த நிழல் தருவன.

கிராம சபை மார்ச் 22-ஆம் தேதியும் மே 1-ஆம் தேதியும் கூடுகிறது. முதற்கூட்டத்தில் வேலை நேரம், குடிநீர் நேரம், நிழல் வேண்டிய இடங்கள் ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுதுக. அன்றே முற்றத்தில் நிழற்கோலையும் நட்டு, வட்டம் வரைந்து, அதன் பொருளைப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஊராருக்கு விளக்குக. மே மாதக் கூட்டத்தில், சிறிய வட்டத்திற்குள் நிழல் நின்ற நேரத்தில் எத்தனை பேர் இன்னும் வெயிலில் நின்றனர் என்பதை வார்டு வார்டாகக் கேட்டறிக. அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துவருமாயின், நம் பணி பலித்தது என்று கொள்ளலாம்.